கடல் கேள்வி பதில்: பூங்கோரையும் காரல் மீனின் வெளிச்சமும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கடலை என்ன செய்கின்றன, கடலில் ஏதாவது மாறினால் அவை என்ன செய்கின்றன என்பதுதான் அது. முப்பது வருஷத்துக்கு மேல் கடல்தண்ணீரை வடிகட்டுவதும் மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவதுமே என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் கடற்கரைக்குப் போனால் கையில் ஒரு பாட்டில் இருக்கும். அதனால் ஆமை, திமிங்கிலம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நானும் அம்மாவும் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர்கள். 2019-ல் எங்கள் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது. 'பூங்கோரை வந்திருக்கு' என்றார் அம்மா. அது என்ன? யாராவது விஷம் கலந்தார்களா? மறுபடியும் வருமா?
*வாசகி, மண்டபம்*

தங்கச்சி, அம்மா சொன்ன பெயர் சரியான பெயர். புத்தகத்தில் அதை நாக்டிலூக்கா என்று எழுதியிருக்கும். ஒரே ஒரு செல்தான், ஆனால் செல்களில் அது பெரிய உருப்படி. அந்தப் பச்சைத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊறின கசகசா மாதிரி உருண்டை உருண்டையாக மிதப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உருண்டையின் ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும், அங்கிருந்து ஒரு இழை வால்போல அசையும். இன்னும் பெரிதாக்கினால் உருண்டைக்குள்ளே பச்சைப் புள்ளிகள் நீந்திக்கொண்டிருக்கும். நான் முதல்முறை பார்த்தபோது பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, 'இது உள்ளே ஓடுதே, பாருங்க' என்று காட்டினேன்.

உள்ளே ஓடுபவை தனி உயிர்கள். மிகச் சிறிய பச்சைப் பாசி, நாக்டிலூக்காவுக்குள் குடியிருக்கிறது. வெயிலில் அது உணவு தயாரிக்கும், வீட்டுக்காரருக்கும் பங்கு போகும். அது போதாதென்று நாக்டிலூக்கா வெளியே கிடைப்பதையும் பிடித்து விழுங்கும். மற்ற நுண்பாசிகள், மீன் முட்டை, எதையும் விடாது. தானும் உழைத்து ஊரார் வீட்டிலும் சாப்பிடுகிற உயிர் என்றால் பெருகக் கேட்க வேண்டுமா? காற்று ஓய்ந்து, தண்ணீர் சூடாகி, கரையிலிருந்து சத்தும் வந்து சேர்ந்தால் சில நாளிலேயே கடல் பச்சையாகிவிடும்.

இனி மீன் செத்த கதை. அதற்கு யாரும் விஷம் கலக்க வேண்டியதில்லை. நாக்டிலூக்காவின் உடம்புக்குள் இருக்கிற நீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். அதனால்தான் அது கடல்நீரைவிட லேசாகி மேலே மிதக்கிறது. கோடிக்கணக்கில் பெருகி ஒரே நேரத்தில் சாகும்போது அந்த அம்மோனியா தண்ணீரில் கலக்கிறது. செத்த உடல்களைத் தின்னப் பாக்டீரியாக்கள் வரும், அவை தின்னத் தின்ன தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கும். ராத்திரியில் நிலைமை இன்னும் மோசம். வெயில் இல்லாததால் புதிதாக ஆக்சிஜன் வராது, மூச்சு விடுவது மட்டும் நிற்காது. நல்ல கடல்நீரில் லிட்டருக்கு 5, 6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் அது 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதை அளந்து எழுதியிருக்கிறார்கள். மீன்கள் மூச்சுமுட்டிச் செத்தன. மீனாவது நீந்தித் தப்பிக்கப் பார்க்கும், பவளப்பாறை எங்கே ஓடும்? சிங்கில் தீவுப் பக்கம் பவளங்களும் செத்தன. மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்டு வேகமாக வளர்கிற பவளங்களுக்குத்தான் அடி அதிகம்.

மறுபடி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். 2008 அக்டோபரிலும் கீழக்கரை, மண்டபம் பக்கம் இதே பூங்கோரை வந்து மீனும் பவளமும் செத்தன. இரண்டு முறையும் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்கிற காலம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் அம்மா மாதிரி கடலுக்குள் இறங்கி வேலை செய்கிறவர்கள்தான் இதை முதலில் பார்ப்பார்கள். தண்ணீர் நிறம் மாறின அன்றைக்கே தேதியும் இடமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மீன்துறைக்கும் சொல்லுங்கள். செத்து மிதக்கிற மீனை எடுத்துக் கருவாடு போட வேண்டாம். எப்போது செத்தது, எவ்வளவு கெட்டது என்று தெரியாத மீன் அது.

இதே உயிர் அரபிக்கடலில் செய்திருக்கிற வேலையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வறண்ட குளிர்காற்று அடிக்கும். மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடியில் இருக்கும் சத்து மேலே வரும். அதைத் தின்று டயாட்டம் என்ற நுண்பாசி வளரும். கண்ணாடிச் சிமிழ் மாதிரி ஓடு கொண்டது அது. குட்டி இறால் மாதிரியான உயிர்கள் அதைத் தின்னும், அவற்றை மீன் தின்னும். 2000-க்குப் பிறகு அந்த இடத்தைப் பச்சை நாக்டிலூக்கா பிடித்துக்கொண்டது. கோவாவைச் சேர்ந்த ஹெல்கா கோம்ஸும் ஜோவாகிம் கோயஸும் வருஷக்கணக்கில் இதைத் துரத்திப் படித்தவர்கள். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் இது இன்னும் நன்றாக உணவு தயாரிக்கிறது என்று 2014-ல் எழுதினார்கள். இமயமலைப் பக்கம் பனி குறைவதால் குளிர்காற்றின் குளிர்ச்சியும் வறட்சியும் குறைந்து, கடல் சரியாகக் கலங்காமல் போகிறது என்று 2020-ல் காட்டினார்கள். மலையில் பனி குறைந்ததற்குக் கடலில் ஒரு செல் உயிர் பதில் சொல்கிறது. நாக்டிலூக்காவைத் தின்ன மீனுக்குப் பிடிக்காது, சொறி மீன் (ஜெல்லி மீன்) வகையறாக்கள்தான் தின்னும். அப்புறம் வலையில் எது ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மதுரைக்காரர்கள் நாங்கள். ராமேஸ்வரம் போகும்போது கடல் தெரிவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடுகிறது. உப்பு வாசனை என்கிறார் கணவர், மீன் வாடை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
*வாசகி, மதுரை*

உப்புக்கு வாசனை கிடையாது, அதனால் அவர் சொன்னது சரியில்லை. மீன் வாடை ஓரளவு சரி. அந்தக் கவிச்சி செத்த மீனில் பாக்டீரியா உண்டாக்குகிற டிரைமெத்திலமைன் என்ற பொருளின் வாடை. அது காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால் அடங்கிவிடும். மீனைப் புளித்தண்ணீரில் அலசச் சொல்லி உங்கள் பாட்டி சொல்லிக்கொடுத்தது இதற்குத்தான்.

செத்த மீனே இல்லாத நடுக்கடலிலும் ஒரு வாசனை இருக்கும். அதுதான் கடலின் சொந்த வாசனை. முட்டைக்கோஸ் வேகும்போது சமையலறையில் ஒரு மணம் வரும் இல்லையா, கிட்டத்தட்ட அது. டைமெத்தில் சல்ஃபைடு என்று பெயர். நுண்பாசிகள் உப்புத்தண்ணீரைச் சமாளிக்க உடம்பில் ஒரு கந்தகப் பொருளைச் சேர்த்து வைக்கும். அவற்றை யாராவது தின்றாலோ, வைரஸ் தாக்கி அவை வெடித்தாலோ அந்தப் பொருள் தண்ணீரில் கொட்டும். பாக்டீரியா அதைத் தின்று, மிச்சத்தை இந்த வாசனையாக விடும். காற்றில் ஏறினதும் அது மாறிப் பொடிப்பொடியான கந்தகத் துகள்கள் ஆகும். ஈரம் பிடித்து நீர்த்துளி உருவாக இப்படி ஏதாவது ஒரு துகள் வேண்டும். ஆக மேகத்துக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு.

பாசியே மேகத்தை உண்டாக்கி உலகத்தின் சூட்டைக் குறைத்துக்கொள்கிறது என்று ஜேம்ஸ் லவ்லாக்கும் இன்னும் மூன்று பேரும் 1987-ல் எழுதினார்கள். படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அது அவ்வளவு நேரான கதையில்லை, அலை தெறிப்பில் வரும் உப்புத்துகள் உட்பட வேறு துகள்களும் நிறைய வேலை செய்கின்றன என்று பிறகு தெரிந்தது. எப்படியும் அடுத்த முறை பாம்பன் பாலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து இழுத்து மூச்சு விடுங்கள்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதி கடலிலிருந்து வருகிறது என்று படித்தேன். உண்மையா மேடம்? பத்தாம் வகுப்பு படிக்கிறேன்.
*மாணவன், சேலம்*

தம்பி, இதைப் பல இடத்தில் தப்பாக எழுதுகிறார்கள், அதனால் நீ கேட்டது நல்லதாயிற்று. ஒரு வருஷத்தில் பூமியில் புதிதாக உண்டாகிற ஆக்சிஜனில் சுமார் பாதியைக் கடல் நுண்பாசிகள்தான் உண்டாக்குகின்றன. அதுவரை சரி. ஆனால் கடலில் உண்டானதைக் கடல் உயிர்களே கிட்டத்தட்ட முழுக்கச் சுவாசித்துத் தீர்த்துவிடும். காடுகளிலும் இதே கணக்குதான். நம் மூக்கில் ஏறுவது பழைய சேமிப்பு. கடலடி மண்ணுக்குள் புதைந்து மட்காமல் போன பாசிகளின் பங்கு கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சி, கோடிக்கணக்கான வருஷத்தில் காற்றில் 21 சதவீதமாகச் சேர்ந்திருக்கிறது.

சேலத்துக்காரன் என்பதால் உனக்கு ஒன்று சொல்கிறேன். கஞ்சமலைக்குப் போயிருப்பாய். அங்கே கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக ஒரு பாறை இருக்கும், காந்தத்தைக் கொண்டுபோனால் கறுப்புப் பட்டையில் ஒட்டும். சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரு கடலுக்கு அடியில் படிந்த இரும்பு அது. அந்தக் காலத்துக் கடலில் இரும்பு கரைந்தே கிடந்தது. நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜன் பட்டு அது துருப்பிடித்துக் கீழே இறங்கியது. ஆக்சிஜன் இல்லாமலே இரும்பைத் துருவாக்குகிற பாக்டீரியாக்களும் இதில் சேர்ந்துகொண்டன. இப்படிக் கடலில் இருந்த இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டே இருந்தது, அந்தப் பிடி தளர்ந்த பிறகுதான் சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னால் காற்றில் ஆக்சிஜன் தங்க ஆரம்பித்தது. பின்னால் எத்தனையோ வெந்து மடிந்து மலையாகிவிட்டாலும் அந்தப் பட்டைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு காந்தம் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

இன்றைக்குக் கடலில் அதிகமாக இருக்கும் பாசியின் பெயர் புரோகுளோரோகாக்கஸ். ஒரு தலைமுடியின் அகலத்துக்கு நூறை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறிது. 1980-களின் நடுவில்தான் சாலி சிஸ்ஹோமும் ராபர்ட் ஓல்சனும் அதைக் கண்டார்கள். கப்பலில் வைத்திருந்த கருவியில் மங்கலாக ஒரு புள்ளிக்கூட்டம் வந்துகொண்டே இருந்தது, கருவியின் கோளாறு என்று முதலில் நினைத்தார்கள். உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் இருக்கும் பாசி நாற்பது வருஷத்துக்கு முன்பு வரை யாருக்கும் தெரியாது.

பெசன்ட் நகரில் குளிக்கும்போது என் மகள் ஒரு வாய் கடல்தண்ணீரை விழுங்கிவிட்டாள். அதில் லட்சக்கணக்கான கிருமிகள் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?
*வாசகர், சென்னை*

லட்சம் என்று சொன்னவர் குறைத்துச் சொல்லியிருக்கிறார். ஒரு டீஸ்பூன் கடல்நீரில் சுமார் 50 லட்சம் பாக்டீரியா இருக்கும், வைரஸ் அதைப்போல் பத்து மடங்கு. வைரஸ் இத்தனை இருக்கிறது என்பதே 1989-ல் நார்வேக்காரர்கள் எண்ணிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தாக்குகிறவை, நம் பக்கம் திரும்பாது. தினமும் கடல் பாக்டீரியாவில் ஐந்தில் ஒரு பங்கை அவை கொன்று, உள்ளே இருக்கும் சத்தைத் தண்ணீரில் கொட்டுகின்றன. அதைத் தின்றுதான் மிச்சப் பாக்டீரியா வளர்கிறது. பயப்பட வேண்டியது சாக்கடைக்குத்தான். கால்வாயோ ஆறோ கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலும், பெருமழைக்கு மறுநாளும் குழந்தையை இறக்காதீர்கள். மற்றபடி மகள் சௌக்கியமாக இருப்பாள்.

இந்த எண்ணிக்கையை எடுப்பது எப்படி என்பதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு மே மாதம், கடலில் எடுத்த தண்ணீரை ஐஸ்பெட்டியில் வைக்காமல் ஜீப்பின் பின்சீட்டில் வைத்துவிட்டேன். வழியில் டயர் பஞ்சர். ஆய்வகம் வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. தட்டில் ஊற்றி வளர்த்துப் பார்த்தால், ஐஸில் வந்த பாட்டிலுக்கும் வெயிலில் வந்த பாட்டிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே படகில் ஒரே இடத்தில் மொண்ட தண்ணீர், எண்ணிக்கை பல மடங்கு ஏறிவிட்டது. வளர்ந்த வகைகளும் வேறு. சீனியர் ஒருவர் 1936-ல் கிளாட் ஸோபெல் எழுதிய கட்டுரையை என் கையில் கொடுத்தார். கடல்நீரைப் பாட்டிலில் அடைத்தாலே போதும், உள்ளே பாக்டீரியா பெருகத் தொடங்கிவிடும் என்று அதில் இருந்தது. கண்ணாடிச் சுவரில் சத்து ஒட்டுகிறது, அங்கே ஒட்டிக்கொண்டு தின்று பெருகுகின்றன. நமக்கு அது மூடின பாட்டில், அவற்றுக்கு ஒரு புது ஊர். அன்றிலிருந்து ஐஸ்பெட்டியை என் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன்.

பாக்டீரியா வளர்க்கும் தட்டில் ஊற்றுவது அகார் என்ற ஜெல்லி. 1881-ல் ஃபேனி ஹெஸ்ஸே தன் சமையலறைப் பழக்கத்திலிருந்து கணவரின் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொடுத்த பொருள். அகார் எடுப்பது கடல்பாசியிலிருந்து. மேலே கேள்வி கேட்ட மண்டபத்துத் தங்கச்சி பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகார் எடுக்கிறார்கள்.

கடலில் இரும்பைக் கொட்டினால் பாசி வளர்ந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், புவி வெப்பமாவது நின்றுவிடும் என்கிறாரே என் நண்பர்?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி*

ஐயா, உங்கள் நண்பர் சொல்வது அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் சொன்னது. அரை டேங்கர் இரும்பு கொடுங்கள், ஒரு பனியுகத்தைத் தருகிறேன் என்று 1988-ல் பேசினார். அண்டார்டிகாவைச் சுற்றி இருக்கும் தென்கடல் போன்ற இடங்களில் மற்றச் சத்தெல்லாம் இருந்தும் இரும்பு இல்லாததால்தான் பாசி வளரவில்லை என்பது அவர் வாதம். அது உண்மைதான், பல கப்பல்கள் போய்ச் சோதித்தாகிவிட்டது.

நம் நாடும் போனது. 2009-ல் கோவாவின் தேசிய கடலியல் நிறுவனமும் ஜெர்மானியரும் சேர்ந்து, போலார்ஸ்டெர்ன் என்ற கப்பலில் தென் அட்லாண்டிக்கில் இரும்பைக் கரைத்தார்கள். சோதனையின் பெயர் லோஹாஃபெக்ஸ், இந்தியில் இரும்பைக் குறிக்கும் 'லோஹா'வை வைத்துச் சூட்டியது. பாசி வளர்ந்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் சிலிக்கா தீர்ந்திருந்தது. சிலிக்கா இல்லாமல் டயாட்டம் ஓடு கட்ட முடியாது. அதனால் ஓடில்லாத சின்னப் பாசிகள் வளர்ந்தன, கோபிபோடு என்னும் மிதவை உயிர்கள் அவற்றை மேய்ந்தன, ஆம்ஃபிபோடு என்னும் இறால் மாதிரியான உயிர்கள் வந்து கோபிபோடுகளைத் தின்றன. பாசி இழுத்த கரியமில வாயு திரும்பக் காற்றுக்கு வராமல் இருக்க அது கடலடிக்குப் போக வேண்டும், அப்படிப் போய்ச் சேர்ந்தது மிகக் கொஞ்சம். நாம் ஒன்றைக் கொட்டினால் எது முளைக்கும், அதை யார் தின்பார்கள் என்பதைத் தண்ணீரில் ஏற்கெனவே இருப்பவை முடிவு செய்கின்றன. இதைப் பார்த்த பிறகும் கடலில் எதையாவது கொட்டிப் பருவநிலையைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

2019 ஆகஸ்டில் திருவான்மியூரில் அலை நீலமாக ஒளிவிட்டதைப் பார்த்தேன். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?
*வாசகி, சென்னை*

அதுவும் நாக்டிலூக்காதான். அலை உடையும்போது உடம்பு அமுங்கும், உடனே ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்கு நீல வெளிச்சம் விட்டு அணையும். கோடிக்கணக்கில் சேர்ந்து செய்வதால் அலை முழுக்க எரிகிற மாதிரித் தெரிகிறது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் கூட்டம் இவ்வளவு பெருகினதால் வந்த அழகு அது.

அணையாமல் எரிகிற வெளிச்சமும் கடலில் உண்டு. 1995-ல் சோமாலியாவுக்கு வெளியே லீமா என்ற கப்பல் பால்போல வெளுத்த கடலுக்குள் ராத்திரியில் போனது. அன்றைக்குச் செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பத்து வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தால், 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் கடல் ஒளிர்ந்திருக்கிறது. அது பாக்டீரியாவின் வேலை. ஒன்றிரண்டாக இருக்கும்போது ஒளிராது. ஒவ்வொன்றும் ஒரு பொருளைத் தண்ணீரில் கசியவிடும், அது போதுமான அளவு சேர்ந்ததும், பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்து எல்லாம் சேர்ந்து ஒளிரும்.

இதன் சொந்தக்கார வகை ஒன்று நம் வீட்டுக்கே வந்துகொண்டிருக்கிறது. காரல் மீன் வாங்குவீர்கள் இல்லையா, உடம்பில் சதையே இல்லாமல் வெள்ளிக்காசு மாதிரி இருக்கும், குழம்புக்கு நல்ல ருசி. அதன் தொண்டைக்குழாயைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதற்குள் ஒளிரும் பாக்டீரியா நிறைந்திருக்கும். அந்த வெளிச்சம் வயிற்றுப் பக்கம் வழியாகக் கீழே இறங்கும். அடியிலிருந்து பெரிய மீன் அண்ணாந்து பார்த்தால், மேலே இருக்கும் வானத்தின் வெளிச்சத்தோடு கலந்து காரல் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

நான் அதை முதலில் பார்த்தது ஒரு மின்வெட்டில். விடிகாலை ஏலத்தில் வாங்கின காரலின் தொண்டை வளையத்தைக் கீறி, கடல்நீர் சேர்த்த அகார் தட்டில் தேய்த்து முந்தின நாள் வைத்திருந்தோம். சாயங்காலம் வேலையாக இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி தேடிக் கையால் துழாவிக்கொண்டிருந்தேன். கண் இருட்டுக்குப் பழகின பிறகு மேஜைமேல் ஒரு வட்டம் தெரிந்தது, அதில் நாங்கள் ஊசியால் இழுத்த கோடுகள் அப்படியே பச்சை கலந்த நீலத்தில் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் கொண்டுபோனால் என் விரல் நகம் தெரிந்தது. மெழுகுவர்த்தி கிடைத்தும் ஏற்றவில்லை. கரண்ட் வரும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்தத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.